போனில் 18,000 படங்கள், இடம் தீர்ந்துவிட்டது. எதை வைப்பது, எதை அழிப்பது?

"எதை அழிக்கலாம்?" என்று உட்கார்ந்தால் ஒன்றையும் அழிக்க மனம் வராது. "இந்தப் பத்தில் எந்த ஒன்று போதும்?" என்று கேட்டுப் பாருங்கள், வேலை ஓடும்.

ஆனால் முதல் கை வைக்க வேண்டியது வீடியோக்களில். 12 மெகாபிக்சல் படம் ஒன்று பெரும்பாலும் 2 முதல் 5 எம்பி. ஐபோனில் நொடிக்கு 30 ஃப்ரேம் வைத்து எடுத்த 4கே வீடியோவோ நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி. சட்டைப்பைக்குள் தெரியாமல் பதிவான ஐந்து நிமிடம், சுமார் 200 படங்களின் இடத்தை விழுங்கியிருக்கும்.

அடுத்து வாட்ஸ்அப். அமைப்புகளில் சேமிப்பகப் பகுதிக்குப் போனால் 5 எம்பிக்கு மேற்பட்டவையும் பலமுறை ஃபார்வர்டு ஆனவையும் தனித்தனியாக நிற்கும். ஆண்ட்ராய்டில் நீங்கள் அனுப்பிய படங்களின் நகல்கள் 'சென்ட்' ஃபோல்டரில் சத்தமில்லாமல் சேர்ந்திருக்கும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த நேரம், இடம் பற்றிய தகவலையும் கழற்றிவிடும். ஆகவே கேமராவின் அசல் இருந்தால் நகல் வேண்டாம். அசல் எங்கும் இல்லையென்றால் அந்த நகல்தான் இனி அசல், தொடாதீர்கள்.

ஸ்க்ரீன்ஷாட்டுகளில் ரசீது, முகவரி போன்றவற்றை மட்டும் எடுத்துவைத்துவிட்டு மீதியை மொத்தமாகத் தள்ளலாம்.

இனி உண்மையான தேர்வு. ஒரே நொடியில் எடுத்த பத்து குரூப் போட்டோக்கள் என்று வையுங்கள். சிறுபடமாகப் பார்த்தால் பத்தும் அருமையாகத்தான் தெரியும், ஏமாற்று வேலை அது. ஒவ்வொன்றையும் திறந்து, முன்னால் நிற்பவரின் கண் வரை பெரிதாக்குங்கள். இமை முடி பிரிந்து தெரிகிறதா, குழைந்து கிடக்கிறதா? குழைந்திருந்தால் கை ஆடியிருக்கும், அல்லது ஃபோகஸ் தவறியிருக்கும். எந்த எடிட்டிங்கும் அதை முழுதாக மீட்காது. படம் கொஞ்சம் இருட்டாக இருப்பது பெரிய குறையல்ல, வெளிச்சம் ஏற்றிக்கொள்ளலாம். வெயிலில் நெற்றி வெள்ளைவெளேரென்று வெளுத்திருந்தால் அங்கே மீட்க எதுவும் பதிவாகவே இல்லை. கண் மூடியவர்களையும் கழித்தால் இரண்டு மூன்று மிஞ்சும். எது நல்லது என்று ஒரு நிமிடம் பார்த்தும் தெரியவில்லையா? அப்படியானால் இரண்டும் ஒன்றுதான், ஏதாவது ஒன்று போகட்டும்.

இந்தக் கறார் எல்லாம் பத்து இருக்கும்போதுதான். இன்று உயிரோடு இல்லாத ஒருவரின் படம், இடித்துவிட்ட வீடு பின்னணியில் தெரியும் படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் இருக்கட்டும். அதற்கு ஈடாக நிலாவையும் வாணவேடிக்கையையும் எடுத்ததை அழியுங்கள். போன் நிலா பெரும்பாலும் ஒரு வெள்ளைப் பொட்டு, யாரும் திரும்பப் பார்ப்பதில்லை.

பலர் வழுக்கி விழும் இடம் கிளவுடு, அதாவது இணையத்தில் இருக்கும் சேமிப்பகம். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்தை அந்தச் செயலியில் அழித்தால் போனிலிருந்தும் போகும், கிளவுடிலிருந்தும் போகும். ஐபோனின் ஐகிளவுடும் அப்படியே. போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் கூகுள் போட்டோஸில் அதற்கென்றே 'இடத்தைக் காலியாக்கு' வசதி உண்டு. அழித்தவை குப்பைத்தொட்டியில் கூகுளில் 60 நாள் (பேக்கப் ஆனவை), ஐபோனில் 30 நாள் கிடக்கும். தொட்டியைக் காலி செய்யும்வரை இடமும் திரும்பாது.

ஆகவே தொட்டியைக் காலி செய்யுமுன் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். ஐபோனில் சேமிப்பிடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பு இயங்கினால் முழு அளவு அசல்கள் ஐகிளவுடில்தான் இருக்கும், கேபிள் வழியாக அவை வராது. முதலில் அங்கிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும்.