கடைசி வரிசையில் ஒளியாதீர்கள்

கேள்வி: மூன்று மாதமாகச் சல்சா கற்கிறேன். முதன்முறையாக ஒரு நடன மாலைக்குப் போனேன். திடீரென்று ஜோடிகள் பிரிந்து வரிசையாக நின்றார்கள். ஒருவர் முன்னால் ஆட, எல்லோரும் அவரைப் பார்த்து ஆடினார்கள். பயந்து கடைசி வரிசைக்கு ஒதுங்கினேன். பாதியில் கூட்டம் முழுதும் திரும்ப, நானே முதல் வரிசையில் நின்றேன்! எப்படிச் சமாளிப்பது?

பதில்: புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒதுங்குகிற இடம்தான் அது. லத்தீன் நடன வட்டாரத்தில் இந்த ஆட்டத்தை 'அனிமாசியோன்' என்பார்கள் (கார்ட்டூனுக்கும் இதற்கும் தொடர்பில்லை). நடுவில் கால் சுற்று, அரைச் சுற்று திரும்புவது இதில் சகஜம். எனவே நடு வரிசையின் நடுவில் நில்லுங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்த்து ஆட எதிரே ஓர் ஆள் இருப்பார்.

முன்னால் ஆடுபவரின் பாதத்தைப் பார்க்காதீர்கள். அது தரையைத் தொடுவதைக் கண்டபின் நீங்கள் காலெடுத்தால் ஓரடி பிந்திவிடும். இடுப்பைப் பாருங்கள், உடல் எடை எந்தக் காலுக்குப் போகிறது என்பது அங்கே முன்கூட்டியே தெரிந்துவிடும். அவர் முதுகு காட்டி ஆடினால் அவரது வலது உங்கள் வலது. முகம் காட்டி ஆடினால்தான் தொல்லை: சிலர் கண்ணாடி பிம்பம் போல நமக்காகக் காலை மாற்றிக்கொள்வார்கள், சிலர் மாற்றமாட்டார்கள். அப்போது பக்கத்தில் ஆடுபவரே துணை.

சல்சாவுக்கு எட்டு எண்ணிக்கை. வழக்கமான அடிப்படை அடியில் நான்கிலும் எட்டிலும் புது அடி கிடையாது. ஒரே அசைவைப் பெரும்பாலும் சில தடவை திரும்பச் செய்வார்கள். முதல் தடவை அடிப்படை அடியைப் போட்டபடி பாருங்கள். அடுத்ததில் கால். கை வராவிட்டால் போகட்டும், யாரும் கவனிப்பதில்லை. தடுமாறினாலும் நின்றுவிடாதீர்கள், பின்னால் வருபவர் உங்கள் மேல் மோதுவார். அடிகள் சாண் அளவுக்குமேல் வேண்டாம், முக்கியமாகப் பின்னோக்கி வைக்கும்போது. குதிகால் செருப்பின் மிதி எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜோடிகள் வட்டமாக நின்றால் மட்டும் அவசரப்பட்டு நுழையாதீர்கள். அது 'ருவேதா', 1950களின் பிற்பகுதியில் ஹவானாவில் பிறந்தது. அங்கே பார்த்து ஆட முடியாது; ஒருவர் குரல் கொடுக்க, அனைவரும் ஒரே நொடியில் செய்ய வேண்டும். 'தாமே' என்று கூவினால், ஸ்பானிய மொழியில் 'எனக்குக் கொடு' என்று பொருள், ஆண்கள் அடுத்த பெண்ணிடம் போக வேண்டும். தமிழ்க் காதுக்குத் 'தாமே' என்று விழுந்தாலும் தானாக எதுவும் நடக்காது. ஒருவர் தவறினால் ஒரு பெண்ணுக்கு ஜோடியில்லாமல் வட்டமே குலையும். 'தாமே', 'என்சூஃப்லா', 'தீலே கே நோ' ஆகிய மூன்று குரல்களுக்கும் உரிய அசைவுகளை வகுப்பில் பழகும்வரை ஓரமாக நின்று பாருங்கள்.