எட்டு மாதமாக ஆறாத ஒரு வார்த்தை

கேள்வி: எனக்கு 41 வயது. பலர் கூடியிருந்த இடத்தில் என் நெருங்கிய நண்பர், "இவன் எதை உருப்படியா முடிச்சிருக்கான்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எட்டு மாதம் ஆகிறது. படுத்தால் அந்தச் சிரிப்புதான் காதில் விழுகிறது. அன்று என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று மனதுக்குள் பேசிப் பேசியே விடிந்துவிடுகிறது. "விட்டுத் தள்ளுங்க" என்கிறார் மனைவி. முடியவில்லை. என் மனம்தான் சிறியதா?

பதில்: இல்லை. அறிமுகமில்லாத ஒருவர் சொல்லியிருந்தால் மறுநாளே மறந்திருப்பீர்கள். உங்களை நன்றாக அறிந்தவர் சொன்னதால், 'ஒருவேளை உண்மையோ' என்ற பயமும் கூடவே வந்துவிட்டது. தூக்கத்தைக் கெடுப்பதில் பாதி அந்தப் பயம்.

மனைவி அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் விரட்டினால் எண்ணம் போகாது. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரிடம், "வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணி அடியுங்கள்" என்றார். ஐந்து நிமிடத்துக்குள் மணி திரும்பத் திரும்ப ஒலித்தது.

ஆகவே விரட்டாமல் அதற்கென்று நேரம் கொடுங்கள். தொடர்ந்து நான்கு நாள், மாலையில் 15 நிமிடம், தாளில் எழுதுங்கள். படுக்கும் நேரத்தில் வேண்டாம். முதல் நாள் கோபத்தைக் கொட்டிவிடலாம். மறுநாளிலிருந்து "இது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது?" என்று மேலே எழுதிவிட்டுத் தொடங்குங்கள். பலர் தவறுவது இங்கேதான்: நான்கு நாளும் 'அவன் அப்படி, இவன் இப்படி' என்றே எழுதினால், இரவில் ஓடும் அதே பேச்சு தாளுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். 'ஏனென்றால்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் தாமாக வர ஆரம்பித்தால் சரியான வழியில் போகிறீர்கள். எழுதி முடித்ததும் மனம் கொஞ்சம் கனக்கும், பயப்படாதீர்கள். தாளை யாருக்கும் அனுப்ப வேண்டாம், கிழித்துப் போடுங்கள்.

இரவில் மறுபடி தொடங்கினால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொருகும்போது படுக்கப் போங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டால் மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்; எட்டு மாதம் என்பது நீண்ட காலம்.

நண்பரிடம் பேசுவது அதன் பிறகு, தனிமையில். "ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று தொடங்கினால் அவர் தன் பக்க நியாயத்தைத்தான் பேசுவார். "அன்று நீ சொன்னது எனக்கு இன்னும் வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவருக்கு அது நினைவிலேயே இல்லாமல் இருக்கலாம். அதற்கும் மனதைத் தயார்செய்துகொண்டு போங்கள்.