மூக்கைக் கழுவ எந்தப் பாத்திரம், எந்த உப்பு, எந்தத் தண்ணீர்?

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். பலரும் கேட்பது, எந்த பிராண்டு நல்லது என்று. பிராண்டுக்கு அவசரமில்லை. தண்ணீரைப் பற்றிக் கேட்ட ஒரு கடிதத்திலிருந்து தொடங்குகிறேன்.

கேள்வி: வீட்டில் ஆர்.ஓ. சுத்திகரிப்பான் இருக்கிறது. அதில் பிடித்த தண்ணீரை வெதுவெதுப்பாக்கி உப்புப் போட்டு மூக்கில் விடுகிறேன். தோழி ஒருத்தி பயமுறுத்துகிறாள். "குடிக்கிற தண்ணீர் மூக்குக்கு ஆகாதா?" என்று என் கணவர் சிரிக்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: தோழி சொல்வதுதான். தண்ணீரோடு உள்ளே போகும் கிருமிகளில் பலவற்றை வயிற்றில் உள்ள அமிலம் கொன்றுவிடும். மூக்கில் அந்தக் காவல் கிடையாது. மூக்கின் மேல்கூரையிலிருந்து வாசனை நரம்பு வழியாக மூளைக்குப் போகும் தூரமும் மிகக் குறைவு. நெக்லேரியா ஃபௌலெரி என்ற அமீபா போவது இந்த வழியில்தான். அது இருக்கும் தண்ணீரைக் குடித்தால் இந்த நோய் வராது, மூக்கில் ஏறினால் வரலாம். 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரால் மூக்கு கழுவிய இருவர் இதனால் இறந்தார்கள். மிக அரிதான நோய்தான், ஆனால் அந்த நாட்டுக் கணக்குப்படி வந்தவர்களில் 97 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கவில்லை.

நீங்கள் "வெதுவெதுப்பாக்கி" என்று எழுதியதைப் படித்ததும்தான் எனக்குப் பதறியது. வெதுவெதுப்பு அந்த அமீபாவுக்குச் சொகுசு. 46 டிகிரி செல்சியஸ் வரைக்கும் அது நன்றாகவே வளரும். ஆர்.ஓ. சவ்வு அதைத் தடுக்கும் அளவுக்கு நுணுக்கமானதுதான். ஆனால் சவ்வைத் தாண்டி வந்த தண்ணீர் தொட்டியில் தேங்கி, குழாய் வழியாக வருகிறது. அந்தத் தொட்டியின் உட்புறத்தை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

அதனால் கொதிக்க வைத்துவிடுங்கள். அடியில் பொடிக் குமிழிகள் எழும்புவது கொதி அல்ல. தளதளவென்று புரண்டு கொதிக்க வேண்டும், அப்படி 1 நிமிடம். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான மலைப்பகுதியில் இருந்தால் 3 நிமிடம். கொதித்ததும் தானாக அணைந்துவிடும் கெட்டிலில் அந்த 1 நிமிடம் கிடைக்காது, அடுப்பில் பாத்திரம் வைப்பதே மேல். மூடி போட்டு ஆறவிட்டு, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். ஆறும் வரை பொறுமையில்லாமல் பச்சைத் தண்ணீரை விளாவிவிடாதீர்கள். ஒரு கை விளாவினாலும் கொதிக்க வைத்தது வீண்.

இதுவரை இப்படிக் கழுவியதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கொதிக்காத தண்ணீரில் கழுவிய இரண்டு வாரத்துக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு என்று வந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மூக்கு கழுவிய விஷயத்தை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.

கேள்வி: டிஸ்டில்டு வாட்டர் நல்லது என்று எல்லா அட்டையிலும் போட்டிருக்கிறது. வண்டி பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேனை வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பேட்டரிக்கு வேண்டியது தாது உப்பு இல்லாத தண்ணீர். அதில் கிருமி இருக்கிறதா, கேன் சுத்தமானதா என்று யாரும் பார்ப்பதில்லை. பல கேன்களில் இருப்பது காய்ச்சி வடித்ததுகூட இல்லை, தாதுக்களை மட்டும் நீக்கியது. குடிப்பதற்கு விற்கும் பாட்டில் தண்ணீரையும் கிருமியே இல்லாதது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதையும் கொதிக்க வைக்கத்தான் வேண்டும்.

கேள்வி: பாட்டிலோடு வந்த உப்புப் பொட்டலங்கள் தீர்ந்துவிட்டன. தனியாக வாங்கினால் விலை கூடுதலாக இருக்கிறது. வீட்டு உப்பையே போட்டால் என்ன? இந்துப்பு இன்னும் நல்லது என்கிறார்களே?

பதில்: பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் சோடியம் குளோரைடு, சோடியம் பைகார்பனேட் என்று இரண்டே பெயர்தான் இருக்கும். ஒன்று உப்பு, மற்றது சமையல் சோடா. நீங்கள் காசு கொடுப்பது அளந்து வைத்திருப்பதற்கு. அதுவும் சும்மா இல்லை, இந்த வேலையில் அளவுதான் முக்கியம்.

நம் உடம்பின் நீருக்குச் சமமான உப்பு என்பது லிட்டருக்கு 9 கிராம். அதைவிட ரொம்பக் குறைந்தால் தண்ணீர் மூக்கின் உள்தோல் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கும். குளத்தில் குளிக்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறினால் நெற்றி வரை சுரீர் என்று இழுக்குமே, அதுதான் இது. உப்பு ரொம்பக் கூடினாலும் எரியும். சோடா சிட்டிகையளவு சேர்ப்பது அந்த எரிச்சலைத் தணிக்க. வாங்கும்போது சோடாதானா என்று பாருங்கள், பேக்கிங் பவுடர் வேறு. அதில் புளிப்புப் பொருளும் மாவும் கலந்திருக்கும்.

240 மில்லி பாட்டிலுக்கு 2 கிராமுக்குச் சற்று மேல் உப்பு வேண்டும். சமையலறைத் தராசு 2 கிராமைச் சரியாகக் காட்டாது, 9 கிராமை ஓரளவு காட்டும். அதனால் நான் 1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து 9 கிராம் உப்பு கரைத்துவிடுகிறேன். அன்றைக்கு நான்கு பாட்டில் ஆயிற்று, மிஞ்சினால் கொட்டிவிடுவேன். தராசு இல்லாதவர்கள் பொடி உப்பு என்றால் 240 மில்லி பாட்டில் ஒன்றுக்குத் தலைதட்டி அரை டீஸ்பூன் போடலாம். கொஞ்சம் தூக்கலாக இருக்கும், தவறில்லை. எரிந்தால் அடுத்த முறை குறையுங்கள்.

சரி, எந்த உப்பு? அயோடினும், கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இல்லாத பொடி உப்பு. சாதாரண மேசை உப்பு விஷமொன்றும் அல்ல, சிலருக்கு உறுத்தும், அவ்வளவுதான். இந்துப்பை ஒரு கண்ணாடி டம்ளரில் கரைத்துப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். அடியில் செம்மண் போல ஏதாவது படிந்தால், அதை மூக்கில் ஏற்றுவதா என்று நீங்களே முடிவு செய்யலாம். அதன் நிறத்துக்கும் தாதுக்களுக்கும் மூக்கில் எந்த வேலையும் இல்லை.

கேள்வி: கெண்டி போன்ற நேத்திப் பாத்திரம், பிழியும் பாட்டில், ஸ்பிரே, மின்சாரக் கருவி என்று நான்கு வகை பார்த்துவிட்டேன். எதை வாங்கலாம்? செம்பில் செய்தது ஆரோக்கியம் என்று கடைக்காரர் சொல்கிறார்.

பதில்: செம்பை முதலில் ஒதுக்குங்கள். உப்புத் தண்ணீர் செம்பையும் பித்தளையையும் அரிக்கும், கரைவது உங்கள் மூக்குக்குள் போகும். எவர்சில்வர், பீங்கான், பிளாஸ்டிக் மூன்றும் சரி. பீங்கான் கை தவறினால் போயிற்று.

ஸ்பிரே கழுவுகிற சாமான் அல்ல. வறண்ட மூக்கை நனைக்கும், பயணத்தில் உதவும். கெட்டியான சளி வெளியே வர வேண்டுமென்றால் இருநூறு மில்லியாவது தண்ணீர் ஓட வேண்டும். அதைக் கெண்டியும் செய்யும், பாட்டிலும் செய்யும். கெண்டியில் தண்ணீர் தன் எடையால் இறங்குவதால் அழுத்தம் குறைவு, பயப்படுகிறவர்களுக்கு அதுவே நல்லது. ஆனால் தலையை நன்றாகப் பக்கவாட்டில் சாய்த்தாக வேண்டும். கழுத்து வலிக்காரர்களுக்குப் பாட்டில்தான் வசதி, லேசாகக் குனிந்தால் போதும். அடைப்பு அதிகமாக இருந்தாலும் பாட்டிலின் அழுத்தம் உதவும்.

இவற்றில் எதுவாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது, உள்ளே கழுவ முடியுமா என்பதை. நான் முதலில் வாங்கியது அழகான வெள்ளைப் பாட்டில். மூடியிலிருந்து உறிஞ்சுகுழல் மாதிரி ஒரு மெல்லிய குழாய் அடிவரை இறங்கும். ஒரு மாதம் கழித்து அந்தக் குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். மூடியோடு சேரும் இடத்தில் மிளகைப் பொடித்து ஒட்டியது போலக் கரும்புள்ளிகள், பூஞ்சை. ஒரு மாதமாக அதன் வழியே வந்த தண்ணீரைத்தான் மூக்கில் பாய்ச்சியிருக்கிறேன்! அன்றிலிருந்து நிறமில்லாத, கண்ணுக்கு உள்ளே தெரிகிற, கை விரலோ பிரஷ்ஷோ நுழையும் அகல வாய் பாட்டில்தான். குழாய் தனியாகக் கழன்று வர வேண்டும்.

இதே காரணத்தால் மின்சாரக் கருவிக்கு நான் பணம் போடமாட்டேன். உள்ளே வளைந்து போகும் குழாயில் ஈரம் நின்றுவிடும், அதைப் பார்க்கவும் முடியாது. கை நடுக்கம், பிடிமானக் குறைவு உள்ளவர்களுக்கு அது உதவலாம், அது வேறு விஷயம்.

ஒவ்வொரு முறையும் கொதித்து ஆறிய தண்ணீரால் அலசி, எல்லாப் பாகங்களையும் பிரித்துக் கவிழ்த்துக் காய வையுங்கள். மூடி போட்ட ஈரப் பாட்டிலைக் குளியலறை அலமாரியில் வைப்பது பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பது. பல தயாரிப்பாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். விற்பனைக்காகவும் சொல்வார்கள்தான், ஆனால் விலை குறைந்த பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து மங்கிய பிறகு கஞ்சத்தனம் வேண்டாம். ஒருவர் பாட்டிலை இன்னொருவர் தொடக்கூடாது.

கேள்வி: மருந்துக் கடையில் டிரிப்ஸ் ஏற்றும் சலைன் பாட்டில் கிடைக்கிறது. கொதிக்க வைக்கும் வேலையே இல்லையே?

பதில்: 0.9 சதவீதம் என்று போட்ட சாதாரண சலைன் என்றால் அளவும் சரி, கிருமியும் இல்லை. ஆனால் திறக்கும் வரைதான். அதில் கெடாமல் காக்கும் மருந்து எதுவும் சேர்ப்பதில்லை. அரை லிட்டர் பாட்டிலில் ஓட்டை போட்டு ஒரு வாரம் வைத்துக்கொண்டால் கொதிக்காத தண்ணீரே பரவாயில்லை என்றாகிவிடும். அப்புறம், குளுக்கோஸ் கலந்த டிரிப்ஸும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், பெயரைப் படித்து வாங்குங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய பாட்டிலால் கழுவியதும் காது அடைத்துக்கொண்டது, தொண்டைக்குள்ளும் தண்ணீர் இறங்கியது. பொருளில் குறை என்று திருப்பி அனுப்பினேன். "சுகாதாரப் பொருள், பிரித்தால் திரும்பப் பெற மாட்டோம்" என்று மறுத்துவிட்டார்கள். நியாயமா?

பதில்: மூக்கில் வைத்த பொருளை இன்னொருவருக்கு விற்க முடியாது என்பதால் இந்த விஷயத்தில் நான் விற்றவர் பக்கம். உடைந்தோ ஒழுகியோ வந்திருந்தால் கதை வேறு. அதனால் வந்த அன்றே, மூக்கருகே கொண்டுபோகும் முன், தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்துப் பிழிந்து பாருங்கள். திருகுமறை ஓரத்தில் கசிந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்.

உங்கள் தொல்லை பாட்டிலால் வந்ததாகத் தெரியவில்லை. ஓங்கிப் பிழிந்திருப்பீர்கள். பற்பசை பிதுக்கும் அளவு அழுத்தம் போதும். வாயைத் திறந்து வாயால் மூச்சு விடுங்கள். ஊற்றும்போது "க்க்க்" என்று தொண்டையில் ஒலி எழுப்பினால் உள்நாக்குப் பகுதி மேலேறி வழியை அடைக்கும், தண்ணீர் தொண்டைக்கு அவ்வளவாக இறங்காது. முடித்ததும் இரண்டு துவாரத்தையும் பொத்திச் சீந்தினால் தண்ணீர் காதுக்குப் போகும். ஒவ்வொரு பக்கமாக மெதுவாகச் சீந்துங்கள். மூக்கு முழுக்க அடைத்திருக்கும்போதும், காதில் சீழோ வலியோ இருக்கும்போதும் கழுவ வேண்டாம். காது, மூக்கில் அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

கேள்வி: "சைனஸ் நிரந்தரமாகக் குணமாகும்" என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2018-இல் ஒவ்வாமை மூக்கொழுக்கு பற்றி வெளியிட்ட தொகுப்பில், உப்புத் தண்ணீர் தொல்லையைக் குறைக்கக்கூடும் என்று சொன்னதோடு, ஆதாரத்தின் தரம் குறைவு என்றும் சேர்த்தே சொன்னது. தூசி, மகரந்தம், சளி இவற்றை அடித்துப் போகும், மூக்கு லேசாகும். வளைந்த மூக்குத் தண்டு நேராகாது, உள்ளே வளர்ந்த சதை கரையாது. மருத்துவர் மூக்கு ஸ்பிரே கொடுத்திருந்தால் முதலில் கழுவி, தண்ணீர் வடிந்த பிறகு மருந்தை அடியுங்கள். தலைகீழாகச் செய்தால் மருந்தையும் சேர்த்துக் கழுவிவிடுவீர்கள்.

கேள்வி: காலையில் கழுவிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குனிந்தேன். மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. மூளை நீர் ஏதும் கசிகிறதோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: கன்னத்துக்குள் இருக்கும் சைனஸ் அறையின் வாசல் மேல்பக்கம் இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் வரை தண்ணீர் அங்கே குட்டையாகத் தேங்கி, குனிந்ததும் வழியும். எனக்கு அது நடந்தது ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடும்போது. மை கலைந்து வேறு படிவம் வாங்கி எழுதினேன், எதிரே இருந்தவர் கைக்குட்டையை நீட்டினார். கழுவாத நாட்களிலும் ஒரே பக்கமாகத் தெளிந்த நீர் சொட்டினால், அதுவும் தலையில் அடிபட்ட பிறகு என்றால், மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி, கழுவி முடித்ததும் வாஷ் பேசின் மேல் நன்றாகக் குனிந்து, தலையை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி அரை நிமிடம் நில்லுங்கள். வேட்டியோ பேண்டோ, வெளியே கிளம்பும் உடுப்பை அதற்கு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.