விங் கமாண்டருக்குப் பிறகு

வணக்கம் ஐயா,
என் மகன் விமானப்படையில் போர் விமானியாகப் பயிற்சி முடித்து தன் முதல் ஸ்குவாட்ரனில் (விமான அணியில்) சேர்ந்திருக்கிறான். அதிக மணிநேரம் பறந்தவர்தான் மேலே போவார் என்று நான் நினைத்திருந்தேன். முப்பத்தைந்து வயதானால் மேசை வேலைதான் என்கிறார் உறவினர் ஒருவர். எது சரி?
- ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டுமே சரியில்லை. விங் கமாண்டர் வரை பணிக்காலக் கணக்குதான்: ஃபிளையிங் ஆபீசராகச் சேர்ந்தவர் 2 ஆண்டில் ஃபிளைட் லெப்டினன்ட், 6 ஆண்டில் ஸ்குவாட்ரன் லீடர், 13 ஆண்டில் விங் கமாண்டர். 22 வயதில் சேர்ந்தவருக்கு அப்போது 35 ஆகியிருக்கும். ஸ்குவாட்ரனுக்குத் தலைமையேற்கும் வாய்ப்பே அதற்குப் பிறகுதான். அதற்கு மேல் தேர்வுக் குழு ஆளைப் பார்த்து எடுக்கும். அங்கே பறந்த மணிநேரம் மட்டும் போதாது.

முதல் ஆண்டுகளில் பறப்பதே வேலை. பகல், இரவு, மோசமான வானிலை என்று ஒவ்வொன்றிலும் தகுதி பெற வேண்டும். பிறகு இரண்டு விமானங்களை வழிநடத்தும் தகுதி, அதன்பின் நான்கு. நன்றாக ஓட்டுகிறவர்களும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். தன் விமானத்தை ஓட்டிக்கொண்டே மற்ற மூவரின் எரிபொருள், இருக்கும் இடம், மீதமுள்ள ஆயுதம் எல்லாவற்றையும் மனதில் வைத்திருப்பது வேறு திறமை. தரையிறங்கியதும் நடக்கும் அலசலில் தன் பிழையைத் தானே முதலில் சொல்கிறவருக்கு அது சீக்கிரம் கைவரும்.

அடுத்து பாதை பிரியும். தாம்பரத்தில் விமானப் பயிற்றுநர் பள்ளி, குவாலியரில் வான்போர் உத்திகளைக் கற்பிக்கும் டாக்டே நிறுவனம், பெங்களூரில் சோதனை விமானிகள் பள்ளி. போர் ஸ்குவாட்ரனை விட்டுத் தாம்பரம் போக இளைஞர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் வேண்டாம் என்பேன். மாணவன் செய்யப்போகும் தவறை முன்கூட்டியே பார்க்கவும், தலையிடாமல் எவ்வளவு நேரம் விட்டுவைக்கலாம் என்று கணிக்கவும் அங்கே கற்கிறார்கள். பின்னாளில் தலைமைக்கு வேண்டியது அதுதான். விமானப்படைத் தளபதியாக உயர்ந்த ஏ.பி. சிங்கைப் பாருங்கள். 1984 டிசம்பரில் பணியில் சேர்ந்த அவர் பயிற்றுநர், சோதனை விமானி இரண்டுமாக இருந்தவர். மாஸ்கோவில் மிக்-29 மேம்பாட்டுக் குழுவுக்குத் தலைமையேற்றார். தேஜஸ் சோதனைப் பறப்புகளுக்குப் பொறுப்பு வகித்தார். 5,000 மணிநேரத்துக்கு மேல் பறந்திருக்கிறார். 2024 செப்டம்பர் 30 அன்று தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

மேல் பொறுப்புகளுக்கு அதிகாரிகளைத் தயார்படுத்தும் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. பறக்கும் வேலைக்கு நடுவே படிக்க நேரம் கிடைக்காது. முன்கூட்டியே தொடங்குவது நல்லது.

ஸ்குவாட்ரன் தலைமைதான் குறுகலான வாசல். 16 முதல் 18 விமானங்கள், விமானிகள், தொழில்நுட்பப் பணியாளர்கள் எல்லாருக்கும் அவரே பொறுப்பு. அதன்பின் விமானதளம், பல தளங்களை மேற்பார்க்கும் கமாண்ட் தலைமையகம், டெல்லி. கோப்புகள் கூடும், பறப்பது குறையும். ஆனால் தளத்துக்குத் தலைமை வகிப்பவர்களும் பறக்கிறார்கள்.

பலருக்குப் பாதை முடிவது கழுத்திலும் முதுகிலும். 9ஜி (புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு விசை) திருப்பத்தில் தலைக்கவசத்தோடு சேர்ந்த தலையின் எடை ஒன்பது மடங்காகும். அந்த நேரத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தால் கழுத்து வட்டுகள் பாதிக்கப்படலாம். ஆபத்தில் விமானத்திலிருந்து இருக்கையோடு வெளியேறும்போது அது தரும் உந்துதலில் முதுகெலும்பு நொறுங்குவதும் உண்டு. மருத்துவத் தகுதி நிலை குறைந்தால், தேறும்வரை போர் விமானத்தில் ஏற முடியாது. பறக்க விடமாட்டார்கள் என்று பயந்து சின்ன வலியை மறைக்கிறவர்கள் அதைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். உங்கள் மகனிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: கழுத்துக்கும் வயிற்றுத் தசைகளுக்கும் தினமும் பயிற்சி, வலி வந்தால் அன்றைக்கே ஸ்குவாட்ரன் மருத்துவரிடம் போவது.