நியூ ஜெர்சி கடற்கரையில் மணல் நிறத்திலேயே இருக்கும் இந்தச் சிலந்தி எது?

சாண்டி ஹுக் கடற்கரையில் கரையொதுங்கிய மரக்கட்டையைப் புரட்டியபோது எடுத்ததாக நீங்கள் சொல்லும் படங்களில் மணலோடு மணலாகப் படிந்து கிடப்பது, பெரும்பாலும் ஆர்க்டோசா லிட்டோராலிஸ் என்னும் கடற்கரை ஓநாய்ச் சிலந்தியாகவே இருக்க வேண்டும். அமெரிக்கச் சிலந்தி ஆய்வின் முன்னோடியான நிக்கோலஸ் மார்செல்லஸ் ஹென்ட்ஸ் 1844இல் விவரித்த இனம் இது.

நிறத்தை வைத்து நான் இவ்வாறு கூறவில்லை. மணலில் வாழும் வேறு குடும்பத்துச் சிலந்திகளும் வெளிர் பழுப்பும் சாம்பலும் கலந்த இதே புள்ளிகளைக் கொண்டிருப்பதால், நிறம் அடையாளம் காட்டுவதைவிடக் குழப்புவதே மிகுதி. நல்லவேளையாக உங்கள் இரண்டாவது படத்தில் முகம் நேராக விழுந்திருக்கிறது. கீழ்வரிசையில் நான்கு சிறிய கண்கள், அவற்றுக்கு மேலே முன்னோக்கிய இரண்டு பெரிய கண்கள், இன்னும் பின்னே தலையின் மேற்புறத்தில் நடுத்தர அளவில் இரண்டு கண்கள் என்ற இந்த அமைப்பு ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்துக்கு உரியது.

அதே மணல்மேடுகளில் ஜியோலைகோசா என்னும் மற்றோர் ஓநாய்ச் சிலந்தியும் உண்டு. ஆனால் அது செங்குத்தான ஆழமான வளையைத் தோண்டி, வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்குள்ளேயே கழிப்பது, தலைப்பகுதி உயர்ந்து முன்னங்கால்கள் பருத்திருப்பது. உங்களுடையதோ தட்டையான உடலுடன் கட்டைக்கடியில் பகலைக் கழித்துக்கொண்டிருந்தது. இடமும் முக்கியம்: புளோரிடாவின் மேற்கே, மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய வெண்மணலில் எடுத்த படமாயின், ஏறத்தாழ வெள்ளையாகவே இருக்கும் ஆர்க்டோசா சாங்டேரோசேவை முதலில் நினைத்திருப்பேன்.

இனத்தை ஐயமின்றி உறுதிசெய்ய, வளர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். அதற்காக ஒன்றைக் கொல்வது தேவையற்றது என்பது என் கருத்து. மனிதருக்கு இதனால் ஆபத்தில்லை.

மீண்டும் தேட விரும்பினால், இருட்டிய பிறகு டார்ச்சை நெற்றியருகே பிடித்து மணலை நோக்குங்கள். அவற்றின் கண்களுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால், பகலில் கண்ணுக்குத் தப்பியவையெல்லாம் பச்சைப் பொட்டுகளாக மின்னும். பெண் சிலந்தியானால், வயிற்றின் நுனியில் நூல் நூற்கும் உறுப்போடு ஒட்டிய முட்டைப் பையையும், பின்னர் முதுகில் ஏறிய குஞ்சுகளையும் காணலாம். படமெடுக்கும்போது அருகில் ஒரு நாணயத்தை வைத்தால் அளவும் தெரியும். உடல் நீளம் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது.