160 டிகிரி ஷீட்டுக்கு 138 டிகிரியில் உருகும் அச்சு தாங்குமா?

கேள்வி: சிறிய பட்டறையில் வேக்குவம் ஃபார்மிங் (சூடாக்கி இளக்கிய பிளாஸ்டிக் ஷீட்டை, காற்றை உறிஞ்சி அச்சின் மேல் படிய வைக்கும் முறை) செய்கிறேன். ஒரு கருவியின் மேல்மூடியை 1.5 மி.மீ. ஹிப்ஸ் (HIPS, எளிதில் உடையாத பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்) ஷீட்டில் ஐம்பது, அறுபது எடுக்க வேண்டும். பிளாஸ்டர் அச்சின் ஓரங்கள் உதிர்கின்றன. இவ்வளவு குறைந்த எண்ணிக்கைக்கு அலுமினியத்தில் கடைந்தால் கட்டுப்படியாகாது. வெந்நீரிலேயே உருகும் வுட்ஸ் மெட்டல் என்ற உலோகக் கலவையில் அச்சு வார்க்கலாம் என்கிறார்கள். 160 டிகிரியில் வரும் ஷீட் பட்டால் அச்சே உருகிவிடாதா?

பதில்: தாழ்ந்த சூட்டில் உருகும் அலாயில் (உலோகக் கலவையில்) அச்சு வார்ப்பது உங்கள் வேலைக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் வுட்ஸ் மெட்டல் வேண்டாம். அது 70 டிகிரியிலேயே உருகும், அதில் ஈயமும் காட்மியமும் இருக்கின்றன. காட்மியப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தினமும் கையாளும் அச்சுக்கு அது தேவையே இல்லை. 58% பிஸ்மத், 42% வெள்ளீயம் கலந்த அலாயை வாங்குங்கள். 138 டிகிரியில் உருகும், ஈயமோ காட்மியமோ கிடையாது.

160 டிகிரி ஷீட் 138 டிகிரி உலோகத்தை உருக்காதா என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் தொடும் இடத்தின் சூட்டைத் தீர்மானிப்பது ஷீட் மட்டுமல்ல. பிளாஸ்டிக் வெப்பத்தை மெதுவாகத்தான் விட்டுக்கொடுக்கும். உலோகமோ உடனே உள்ளே இழுத்துக்கொள்ளும். அச்சு 40 டிகிரியில் இருந்தால், ஷீட் தொடும் பரப்பு ஏறக்குறைய 50 டிகிரிக்குத்தான் போகும். கார் எஞ்சினுக்குள் காற்று போகும் நைலான் இன்டேக் குழாய்களை, உள்ளே வெற்றிடம் கிடைக்க ஓர் உட்கரு வைத்து வார்க்கும் முறை உண்டு. அந்த உட்கரு இதே வகை அலாய்தான். சுமார் 280 டிகிரியில் பாயும் நைலான் அதை உருக்குவதில்லை. நைலான் இறுகிய பிறகு தனியாகச் சூடேற்றித்தான் உட்கருவை உருக்கி வெளியே எடுக்கிறார்கள்.

கவலைப்பட வேண்டியது தொடர்ந்து எடுக்கும்போது சேரும் சூட்டைப் பற்றி. 10 மி.மீ. கனமுள்ள அலாய் ஓட்டின் மேல் உங்கள் ஷீட் ஒன்று குளிர்ந்தால், அச்சின் சூடு 15-20 டிகிரி அளவுக்கு ஏறலாம். இடைவெளி விடாமல் அடுத்தடுத்து எடுத்தால் அது கூடிக்கொண்டே போகும். அச்சு உருகும் முன்பே மூடி நெளியத் தொடங்கிவிடும். அதனால் வார்க்கும்போதே உள்ளே ஒரு செம்புக் குழாயை வளைத்து வைத்துவிடுங்கள், பிறகு அதில் தண்ணீர் ஓடட்டும். வார்க்கும் நேரத்தில் குழாய் காலியாக, இரு முனையும் திறந்து, உள்ளே சொட்டு ஈரம்கூட இல்லாமல் இருக்க வேண்டும். உருகிய உலோகத்துக்கு அருகில் ஈரம் இருந்தால் அது நீராவியாகி உலோகத்தையே தெறிக்க வைக்கும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

உங்கள் பிளாஸ்டர் அச்சை வீணாக்க வேண்டாம். உதிர்ந்த ஓரங்களைச் சரிசெய்து, வார்னிஷ் பூசி, அதன்மேல் சிலிக்கோன் ரப்பரில் எதிர்வடிவம் எடுங்கள். வார்ப்புச் சூட்டை சிலிக்கோன் தாங்கும், அலாய் அதில் ஒட்டாது. ஆனால் இந்த உலோகம் தண்ணீரைவிட எட்டரை மடங்குக்கும் மேல் கனம், ரப்பரை வெளியே பிதுக்கிவிடும். நன்றாகக் காய்ந்த பிளாஸ்டர் கூடு ஒன்றால் ரப்பரைச் சுற்றி அணை கொடுங்கள். அலாயை 160-170 டிகிரிக்கு மேல் ஏற்றத் தேவையில்லை. மேலே படியும் கசடை வழித்துவிட்டு, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள்.

இந்தக் கலவையின் அருமை இறுகும்போதுதான் தெரியும். பிஸ்மத் இறுகும்போது விரியும், வெள்ளீயம் சுருங்கும். இரண்டும் சேரும்போது அளவு மாற்றம் மிகச் சொற்பம், அதனால் கூர்மையான மூலைகூட அப்படியே பதியும். புதிய மாதிரி செய்தால் ஹிப்ஸ் சுருங்குவதற்கு அரை சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். 200 மி.மீ. வேண்டுமென்றால் மாதிரி 201.

காற்று இழுக்கும் துளைகளை உள்மூலைகளில் 0.5 முதல் 0.8 மி.மீ. அளவில் போடுங்கள். பின்பக்கத்திலிருந்து பெரிய துளையிட்டு, பரப்புக்கு 3 மி.மீ. முன்பு நிறுத்திக்கொண்டால் காற்று வேகமாக வெளியேறும். அலாய் உடையும் தன்மை உள்ளது, அதனால் கூரான டிரில், குறைந்த வேகம், லேசான அழுத்தம் போதும்.

இதே அச்சை இஞ்செக்ஷன் மோல்டிங்குக்கு (உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தி அச்சுக்குள் செலுத்தும் முறைக்கு) பயன்படுத்தலாமா என்று அடுத்து தோன்றும். வேண்டாம். தொடர்ந்து அழுத்தினால் இந்த அலாய் மெல்ல மெல்ல நகர்ந்து அளவு மாறிவிடும்.

வேலை முடிந்ததும் அச்சை உருக்கி அடுத்த வடிவத்துக்கு வார்த்துக்கொள்ளலாம். அந்தச் சட்டியில் பழைய ஈய சால்டர் துண்டுகள் மட்டும் விழக் கூடாது. பிஸ்மத், வெள்ளீயம், ஈயம் மூன்றும் சேர்ந்தால் 95 டிகிரி வாக்கிலேயே உருகும் பகுதி உள்ளே உருவாகும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனால் அச்சு அங்கங்கே இளகத் தொடங்கும். இதற்கென்று ஒரு சட்டி, ஒரு கரண்டி தனியாக வைத்து, பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.