கேளுங்கள்: முதலாளியா, அரசா?

கே: சோசலிசம் வந்தால் தனிமனித சுதந்திரம் போய்விடும் என்கிறார் என் மச்சான். முதலாளித்துவமே களவு என்கிறேன் நான். எது நியாயம்?
– வாசகர், உப்புவெளி

ப: இருவரிடமும் பாதிக் கணக்குத்தான் இருக்கிறது. இலங்கையில் 1972 காணிச் சீர்திருத்தம் தனியார் காணிக்கு 50 ஏக்கர், வயலுக்கு 25 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது. ஊரே ஒருவர் கையில் அடங்குவதைத் தடுத்தது சரிதான். ஆனால் அதே அரசு 1973இல் தனியார் நிறுவனமான லேக் ஹவுஸின் பத்திரிகைகளையும் எடுத்துக்கொண்டது. வேலையும் அச்சகமும் அரசிடம் என்றால் எதிர்த்து எழுதுகிறவன் எங்கே போவான்? 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்தன சந்தையைத் திறந்தார். 1980 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறக்குறைய 40,000 பேர் வேலையிழந்தார்கள். (நாட்டுக்கு 'சனநாயக சோசலிசக் குடியரசு' என்று 1978இல் பெயர் வைத்ததும் அவர் ஆட்சிதான்!) எந்த ஆட்சியானாலும், 'மாட்டேன்' என்பவனுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

கே: படகுக்கும் வலைக்கும் முதலாளி வட்டியில்லாமல் முற்பணம் தருகிறார். இதில் என்ன சுரண்டல்?
– வாசகி, நிலாவெளி

ப: வட்டி மீன் விலைக்குள் இருக்கிறது. முற்பணம் தீரும்வரை மீனை அவருக்கே போடவேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். கிலோவுக்கு 50 ரூபா குறைத்தால், நாளுக்கு 40 கிலோ பிடிப்பவருக்கு 2,000 ரூபா நட்டம். 20 நாள் தொழிலுக்குப் போனால் 40,000. இதில் ஒரு சதமும் கடனில் கழியாது. வாடைக் காலத்தில் கடல் இறங்க முடியாதபோது சாப்பாட்டுக்கு மறுபடி முற்பணம். விரும்பிச் செய்த ஒப்பந்தம்தான். வெளியே வரத்தான் வழியில்லை.

இதற்கு மாற்று மீனவர் கூட்டுறவுச் சங்கம். அதில் எத்தனை பங்கு இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. ஆனால் விலை ஏறிய நாளில் வெளியே விற்றுவிட்டு, மலிந்த நாளில் மட்டும் சங்கத்துக்கு மீன் கொண்டுவரும் உறுப்பினர்களாலேயே பல சங்கங்கள் படுத்துவிடுகின்றன. கட்சிக்காரர் நிர்வாகத்தில் புகுந்து தம் ஆட்களுக்குக் கடன் கொடுத்தால் மிச்சமும் போகும். சேருமுன் கடைசிக் கணக்காய்வு அறிக்கையையும் கடன் நிலுவையையும் கேளுங்கள். விலகினால் பங்குப்பணம் எப்போது திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கே: திருகோணமலை சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்கள் (தாங்கிகள்) மக்கள் சொத்துத்தானே?
– வாசகர், கிண்ணியா

ப: பெயரளவில். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 99 குதங்களில் 14 இந்தியன் ஒயில் நிறுவனத்தின் துணைக் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. மீதி 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். முன்பு பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் சும்மா கிடந்தன, அப்போதும் 'மக்கள் சொத்து' என்றுதான் சொன்னார்கள். 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் குதங்கள் இப்போது எப்படிப் பயன்படுகின்றன என்று கூட்டுத்தாபனத்தின் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும்.